டொபீகா முதல் பெர்க்லி வரை

அமெரிக்காவுக்குச் செல்லும் நம்மவர் நியூயார்க் நகரத்தின் வானளாவிய மாளிகைகளையும் நயாகராவின் பெருவீழ்ச்சியையும், வசதி கூடியவர்கள் மேற்கே கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கையும் கண்டு, உறவினர் வீட்டில் சில நாள் தங்கி, பெட்டி நிறையச் சாமான்களோடு திரும்புவதே வழக்கமாகிவிட்டபடியால், கான்ஸாஸ் சமவெளியில் இருக்கும் டொபீகா என்ற ஊருக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னதும், கான்ஸாஸ் ஸிட்டியில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி மகன், "அங்கே என்ன பெரியப்பா இருக்கு?" என்று திகைத்தான். "ஓர் ஆரம்பப் பாடசாலை இருக்கிறது" என்றேன். உபாத்தியாயத் தொழிலிலே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவனுக்குப் பள்ளிக்கூடங்களே க்ஷேத்திரங்கள் என்று எண்ணிக்கொண்டானோ என்னவோ, மறுபேச்சின்றிக் காரை எடுத்தான்.

மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் சென்றால் டொபீகா. நான் சொன்ன மன்றோ பாடசாலை 1926-இல் செங்கல்லும் சுண்ணாம்புக்கல்லுமாகக் கட்டப்பட்ட இரண்டு மாடிக் கட்டடம். திடமானது, வெளிச்சம் நிறைந்தது, நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றைக் கண்டவன் கண்ணுக்குச் செல்வச் செழிப்புள்ளது. பள்ளிகளின் நிறப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன வழக்கின் விசித்திரமும் இங்கேதான் இருக்கிறது. அக்காலத்தில் டொபீகா நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென நான்கு ஆரம்பப் பள்ளிகளும் வெள்ளையர் பிள்ளைகளுக்கெனப் பதினெட்டும் இருந்தன. சாண்டா ஃபே ரயில்வேயில் பற்றவைப்புத் தொழிலாளியாகவும் தேவாலயத்தில் உபதேசியாராகவும் இருந்த ஆலிவர் பிரௌன், தம் மகள் லிண்டாவை வீட்டுக்கு அருகிலிருந்த ஸம்னர் பள்ளியில் சேர்க்க முயன்று மறுக்கப்பட்டார். சிறுமியோ ரயில் தண்டவாளங்களைக் கடந்து நடந்து, பஸ் ஏறி, மன்றோவுக்கு வந்து படித்தாள். பதின்மூன்று பெற்றோர் சேர்ந்து 1951-இல் தொடுத்த அவ்வழக்கு, தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர் ஆகிய இடங்களின் வழக்குகளோடு ஒன்றாகச் சேர்ந்து உச்ச நீதிமன்றம் சென்று, 1954 மே 17-ஆம் நாள், பிரதம நீதிபதி ஏர்ல் வாரன் வாசித்த ஏகமனதான தீர்ப்பாக முடிந்தது. நிறத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் பள்ளி, கட்டடத்தாலும் புத்தகத்தாலும் எவ்வளவு சமமாக இருந்தபோதிலும், பிரிவினாலேயே அசமத்துவமானது என்பது அதன் சாரம்.

இவ்வளவும் பாடப் புத்தகங்களில் உள்ளதே. ஆனால் டொபீகாவின் பெற்றோருக்கு மன்றோ பள்ளி ஆசிரியர்கள்மீது எவ்விதக் குறையும் இருக்கவில்லை என்பதையும், அவ்வாசிரியைகளில் பலர் எம்.ஏ. பட்டம் பெற்றவர்கள், பிள்ளைகளின் வீடு தெரிந்தவர்கள், கண்டிப்பும் பரிவும் ஒருங்கே உடையவர்கள் என்பதையும் அங்கே நின்று கேட்டபோதுதான் என் மனம் வேறொரு திசையில் ஓடத் தொடங்கியது. வழக்கு இன்னும் தீராமலிருந்த 1953 மார்ச் மாதத்தில், நகரப் பள்ளிகளின் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்த வெண்டல் காட்வின் கறுப்பின ஆசிரியைகள் சிலருக்குக் கடிதம் அனுப்பினார். நீதிமன்றம் பிரிவினையை ரத்துச் செய்துவிட்டால், வெள்ளையர் பிள்ளைகளுக்குக் கறுப்பின ஆசிரியர் பாடம் சொல்வதை ஊரில் பெரும்பாலோர் விரும்பமாட்டார்கள் என்ற அனுமானத்தின் பேரில், அடுத்த ஆண்டுக்கு உத்தியோகம் உறுதி செய்ய இயலாது என்பது அதன் விஷயம். கடிதத்தின் நடை மிகவும் மரியாதையானது. கொடுமை செய்கிறோம் என்ற உணர்வே எழுதியவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. 1941-இல் இதே ஊரின் நடுநிலைப் பள்ளிகள் ஒரு வழக்கினால் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடப்பட்டபோதும், அவர்களுடைய ஆசிரியர்கள் சிலர் வேலையிழந்திருந்தனர் என்பதால், இது பழகிய பாதைதான்.

சட்டம் பிள்ளையைப் பார்த்தது, கட்டடத்தைப் பார்த்தது. பள்ளியை நடத்தியவரை அது பார்க்கத் தவறியது என்பதே இந்தப் பிரயாணம் முழுவதும் என்னைத் தொடர்ந்து வந்த எண்ணம்.

தெற்கு மாநிலங்களில், பிரிவினைக் காலத்துக் கறுப்பினப் பள்ளியின் தலைமையாசிரியர் எப்படிப்பட்டவர் என்பதை நம் நாட்டுப் பழைய கிராமத்துப் பெரிய வாத்தியாரை அறிந்தவர்கள் சுலபமாக விளங்கிக்கொள்ளலாம். வெள்ளையர் கல்வி வாரியத்தின் முன் நயந்தும் வாதாடியும் பலகையும் பெஞ்சும் பெற்றுவருபவர் அவர்; கிடைக்காதபோது பெற்றோரிடம் வசூலித்து வாங்குபவரும் அவர்; ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, எந்தப் பிள்ளை பருத்திக் காட்டுக்குப் போய்ப் பள்ளியை விட்டுவிட்டான் என்று விசாரிப்பவரும் அவரே. வட கரோலினாவின் காஸ்வெல் ஜில்லாவில், யான்ஸிவில் என்ற சிற்றூரில், என். எல். டில்லர்ட் என்பவர் 1930-களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்விதம் ஒரு பள்ளியை நடத்தினார். அவர் பள்ளியின் பெற்றோர் சங்கத்துக்குக் கூட்டம் நிரம்பி வழியுமாம். ஆசிரியர்கள் மாணவர் வீடுகளுக்குச் செல்வது அங்கே நியமம். அவர் மேற்படிப்புப் படித்தவர், கறுப்பின ஆசிரியர் மகாநாடுகளுக்குச் சென்று புதிய கல்விக் கொள்கைகளை அறிந்துவந்து, தம் ஆசிரியர் கூட்டத்தில் அவற்றை விவாதிக்கச் செய்தவர். பற்றாக்குறை என்பது அப்பள்ளிகளின் பெரும் உண்மை. அதை மறைத்துப் பழைய காலத்தைப் பொன்னாக்குவது பாவம். ஆனால் பற்றாக்குறைக்குள்ளும் தலைமை இருந்தது.

பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபோது நடந்தது என்ன? பெரும்பாலும் கறுப்பினப் பள்ளியே மூடப்பட்டது, அல்லது உயர்நிலைப் பள்ளியாக இருந்தது கீழ்வகுப்புப் பள்ளியாகத் தாழ்த்தப்பட்டது. அதன் பெயரும், வெற்றிக் கோப்பைகளும், பள்ளி வர்ணமும் மறைந்தன. பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குச் சென்றார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு தலைமையாசிரியர் இருந்தார். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்கக்கூடாது என்ற நியாயத்தின்படி வெளியேறியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலர் உதவித் தலைமையாசிரியராகி, பஸ்களையும் முரட்டுப் பையன்களையும் கவனிக்கும் வேலை பெற்றனர்; சிலர் அதிகாரமேயில்லாத அலுவலகப் பதவிகளில் பெயருக்கு அமர்த்தப்பட்டனர்; பலர் தொழிலையே விட்டனர். 1954 முதல் 1965 வரையிலான காலத்தில் மட்டும் தெற்கிலும் எல்லை மாநிலங்களிலுமாக 38,000-க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பதவி இழந்தனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒன்றாக்குதல் மும்முரமாக நடந்ததோ அதற்குப் பிற்பட்ட ஆண்டுகளில்தான். 1971-இல் செனட் சபையின் குழு ஒன்று இதைப் பற்றித் தனியே விசாரணை நடத்தும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

டொபீகாவிலிருந்து ஓஸார்க் மலைத்தொடரின் ஊடாகத் தெற்கே வந்து அர்க்கன்ஸாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரத்தை அடைந்தோம். அங்குள்ள சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியைப் படத்தில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. இரண்டு தெருத் தொகுதிகளின் நீளத்துக்கு, மங்கிய மஞ்சள் செங்கல்லில், அரசமாளிகையைப் போல எழுந்து நிற்கிறது. 1927-இல் 15 லட்சம் டாலர் செலவில் கட்டிய இதன் முகப்பில் பேராவல், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம் என்னும் நான்கு குணங்களுக்கு நான்கு கிரேக்கச் சாயற் சிலைகள். இரண்டு ஆண்டு கழித்துக் கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட டன்பார் பள்ளிக்கு ஆன செலவு சுமார் 4 லட்சம் டாலர். இன்றும் நடந்துகொண்டிருக்கும் பள்ளியாகையால் உள்ளே நினைத்தபோது போக முடியாது; தேசியப் பூங்காத் துறையின் வழிகாட்டியுடன், முன்கூட்டிப் பதிவு செய்தே போகலாம். நாங்கள் நடைபாதையில் இருந்தபோது மணி அடித்தது. கறுப்பு, வெள்ளை, மெக்ஸிகோ, வியட்நாம் என்று பல முகங்களும் ஒரே வெள்ளமாய்ப் புறப்பட்டு எங்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் போயின.

1957 செப்டம்பர் 4-ஆம் நாள், பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமி எலிஸபெத் எக்ஃபோர்ட் இப்பள்ளியில் சேரத் தனியாகக் கூட்டத்தின் வசைகளுக்கிடையே நடந்ததும், கவர்னர் ஃபாபஸ் மாநிலக் காவற்படையைக் கொண்டு வாசலை மறித்ததும், ஜனாதிபதி ஐஸன்ஹோவர் 101-ஆம் வான்வழிப் படைப்பிரிவை அனுப்ப, 25-ஆம் நாள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் துப்பாக்கி வீரர்களின் நடுவே படியேறியதும் உலகறிந்தவை. நான் அங்கே தேடியது பள்ளியின் தலைவர்களை. ஒன்றாக்கும் திட்டத்தை வகுத்த சூப்பரிண்டெண்டெண்டு வர்ஜில் ப்ளாஸம் திறமைசாலி, உழைப்பாளி. ஆனால் எந்த வட்டாரத்துக்கு எந்தப் பள்ளி, எந்த ஆண்டு எந்த வகுப்பு என்று கணக்குப் போடுவதே நிர்வாகம் என்று நம்பியவர். கறுப்பின மாணவர்கள் விளையாட்டுக் குழுவிலும் சங்கீதக் குழுவிலும் சேரக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர்களை உள்ளே விட்டார்கள். பள்ளிக்குள் வந்தும் பள்ளியைச் சேராத நிலை! பெண்களுக்கான துணைத் தலைமையாசிரியை எலிஸபெத் ஹக்கபி என்பவர் மட்டும் நாள்தோறும் அழுக்குத் துணியும் அழுகையுமாய் வரும் சிறுமிகளை அலுவலகத்தில் வரவேற்று, நடந்ததைக் குறித்துவைத்து, குற்றவாளியைக் கூப்பிட்டு விசாரித்து, அந்த வருஷத்தைக் கடத்தினார். 1980-இல் வெளிவந்த அவருடைய நினைவு நூலைப் படித்தவர்களுக்கு, வீரத்தைவிட அதில் களைப்பே அதிகம் தெரியும். பள்ளி நிர்வாகம் என்பதன் உண்மையான ருசி அதுவே என்பது என் அபிப்பிராயம்.

மறு ஆண்டு, பிள்ளைகள் ஒன்றாகப் படிப்பதைவிட ஒருவரும் படிக்காமலிருப்பதே மேல் என்று கவர்னர் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். 3,600-க்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளியே நின்றார்கள். ஆசிரியர்களுக்கோ ஒப்பந்தம் இருந்ததால், அவர்கள் நாள்தோறும் வந்து காலியான வகுப்பறைகளில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கால்பந்தாட்டப் போட்டிகள் மட்டும் நிற்கவில்லை. அவ்வாண்டிலேயே ப்ளாஸம் பதவி இழந்தார். 1959 மே மாதத்தில், பிரிவினைவாதிகளான வாரிய உறுப்பினர் மூவர், ஹக்கபியையும் தலைமையாசிரியர் ஜெஸ் மாத்யூஸையும் உள்ளிட்ட நாற்பத்து நான்கு ஊழியர்களை ஒரே கூட்டத்தில் நீக்கினர். அதுவரை வாய் மூடியிருந்த ஊர் அப்போதுதான் விழித்தது. மாதர் சங்கத்தாரும் வியாபாரிகளும் பெற்றோரும் சேர்ந்து, மே 25-இல் நடந்த தேர்தலில் அந்த மூவரையும் பதவியிலிருந்து திரும்பப் பெற்றனர். தங்கள் ஆசிரியர்களுக்காக ஒரு நகரம் வாக்களித்தது என்ற வகையில் இது போற்றத்தக்கது. அதே காலத்தில் தெற்கெங்கும் நீக்கப்பட்டுக்கொண்டிருந்த கறுப்பின ஆசிரியர்களுக்காக இப்படி ஓர் ஊர் எழுந்ததா என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

அடுத்து நான் சென்ற, வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் சிற்றூர் ரிச்மண்டிலிருந்து மேற்கே ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட பிரயாணம். புகையிலைக் காடும் பைன் மரமும். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் பள்ளி 180 மாணவர்களுக்காக 1939-இல் கட்டப்பட்டது. 1951-இல் அதில் 450-க்கும் மேற்பட்டோர் படித்தனர். மிகுந்தவர்களுக்காகத் தார்க் காகிதம் ஒட்டிய பலகைக் கொட்டகைகள் போடப்பட்டன. மழைக்காலத்தில் பிள்ளைகள் உள்ளே குடை பிடித்தார்கள். தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸ், பெற்றோர் சங்கத்தாருடன் வாரியத்தின் வாசலுக்குப் பலமுறை நடந்தும் வெறும் வாக்குறுதியே கிடைத்தது. ஏப்ரல் 23-ஆம் நாள், பதினாறு வயது பார்பரா ஜான்ஸும் தோழர்களும், மாணவர் இருவர் பஸ் நிலையத்தில் பிடிபட்டதாகப் பொய்த் தொலைபேசிச் செய்தி சொல்லித் தலைமையாசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் பெயரில் சீட்டெழுதி எல்லா வகுப்புகளையும் மண்டபத்துக்கு அழைத்து, வேலைநிறுத்தத்தைப் பிரகடனம் செய்தனர். திரும்பி வந்த ஜோன்ஸ் வகுப்புக்குப் போகும்படி வேண்டினார். போராட்டத்தைத் தூண்டினார் என்ற சந்தேகத்தின் பேரில் அவ்வாண்டே வேலை இழந்தார். தம் பிள்ளைகளின் தைரியத்துக்குத் தாம் விலை கொடுத்த அந்த மனிதரின் படத்துக்கு முன் நான் நெடுநேரம் நின்றேன். உள்நாட்டுப் போர்க்காலத் தென்மாநிலப் படைத்தலைவர் ஜெனரல் லீயின் சிலை தேசிய சட்டசபை மாளிகையிலிருந்து 2020-இல் அகற்றப்பட்டபோது, வர்ஜீனியா அவ்விடத்துக்குத் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸின் உருவத்தை.

அந்த வேலைநிறுத்தத்திலிருந்து பிறந்த வழக்கும் 1954 தீர்ப்பில் கலந்தது. தீர்ப்பை நிறைவேற்றுவதற்குப் பதில், ஃபார்ம்வில் அடங்கிய பிரின்ஸ் எட்வர்ட் ஜில்லா 1959-இல் பொதுப் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்து, அவற்றை ஐந்து வருஷம் மூடியே வைத்தது. வெள்ளையர் தனியார் பள்ளி ஒன்றை நிறுவிக்கொண்டனர். ஏறக்குறைய 1,700 கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் உறவினரிடம் வெளியூர் சென்றனர், பெரும்பாலோர் வீட்டில் இருந்தனர். ஆறு வயதில் எழுத்தறியத் தொடங்க வேண்டிய பிள்ளை பதினொரு வயதுவரை எழுத்தறியாமலே இருப்பதென்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். 1963 இலையுதிர் காலத்தில், கென்னடி அரசாங்கத்தின் முயற்சியாலும் தனியார் நன்கொடையாலும் அங்கே இலவசப் பள்ளிகள் திறக்கப்பட்டன. அவற்றை நடத்த நியூயார்க்கின் ஒரு செல்வந்தப் புறநகரிலிருந்து வந்தவர் நீல் ஸல்லிவன். வந்தவர் செய்த முதற் காரியம் வகுப்பு என்ற பாகுபாட்டையே நீக்கியது. பன்னிரண்டு வயதுப் பையனை முதல் வகுப்பில் உட்காரவைத்தால் அவன் வெட்கித்து ஓடிவிடுவான் என்பதை உணர்ந்து, அவரவர் அறிந்த இடத்திலிருந்து அவரவரைத் தொடங்கவைத்தார். கறுப்பும் வெள்ளையுமான ஆசிரியர்களை ஒன்றாக அமர்த்தினார். சுமார் 1,500 பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் வெள்ளையர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ப்ளாஸத்துக்கும் ஸல்லிவனுக்கும் இடையே ஆறு வருஷ அந்தரந்தான்; ஆனால் பள்ளித் தலைமை என்ற கருத்து அதற்குள் வேறொரு யுகத்துக்கு வந்துவிட்டது போலத் தோன்றியது.

ஸல்லிவனைத் தொடர்ந்து நானும் கலிபோர்னியாவுக்குப் பறந்தேன். 1964-இல் அவர் பெர்க்லி நகரத்தின் சூப்பரிண்டெண்டெண்டானார். குன்றின் மேல் வெள்ளையரும் கீழ்ச்சமவெளியில் கறுப்பினத்தாரும் வாழும் ஊர் அது. 1968 செப்டம்பரில், நீதிமன்ற உத்தரவு எதுவுமின்றியே, சிறு வகுப்புப் பிள்ளைகளைக் கீழிருந்து மேலேயும், பெரிய வகுப்புப் பிள்ளைகளை மேலிருந்து கீழேயும் பஸ்ஸில் அனுப்பும் இருவழி ஏற்பாட்டை அந்நகரம் தொடங்கியது. பிள்ளைகளை மாற்றுவதற்கு முன் ஆசிரியர்களைத் தயார் செய்ததும், பெற்றோர் கூட்டங்களை ஆண்டுக்கணக்கில் நடத்தியதுமே அதன் விசேஷம். சுமை ஒரு சாராரின் குழந்தைகள் தலையில் மட்டும் விழவில்லை. அந்த ஏற்பாட்டின் தொடக்க ஆண்டுகளில், சமவெளியிலிருந்து குன்றுப் பக்கத்துத் தௌஸண்ட் ஓக்ஸ் பள்ளிக்குப் பஸ் ஏறிய குழந்தைகளில் ஒருத்தி, சென்னையில் பிறந்து பெர்க்லியில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்த சியாமளா கோபாலனின் மகள் கமலா. பிற்காலத்தில் அமெரிக்காவின் துணை ஜனாதிபதியான அவரைப் பற்றி தாய்வழிப் பூர்விக ஊரான, மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தார் கொள்ளும் பெருமையில் இந்தப் பள்ளிப் பஸ்ஸுக்கும் ஒரு பங்கு உண்டு.

அதன் பின்னர் அமெரிக்கப் பள்ளியின் வாசலுக்கு வந்தவர்கள் கறுப்பும் வெள்ளையும் மட்டும் அல்லர். ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகளுக்காக 1974-இலும், டெக்ஸஸில் அனுமதிச் சீட்டில்லாமல் குடியேறியோரின் பிள்ளைகளுக்காக 1982-இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடத்தையும் கணக்கையும் காப்பவரே தலைமையாசிரியர் என்ற எண்ணம் தேய்ந்து, ஏழைப் பிள்ளைகள் நன்கு கற்கும் பள்ளிகளில் பாடத்தைத் தாமே கவனிக்கும் உறுதியான தலைவர் இருக்கிறார் என்று கறுப்பின அறிஞர் ரொனால்ட் எட்மண்ட்ஸ் 1979-இல் எழுதியது பரவியது. இப்போது பல்கலைக்கழகங்களில் பண்பாட்டுக்கு இசைந்த தலைமை என்று ஒரு பாடமே நடக்கிறது. வீட்டு மொழியை அறிந்துகொள்ளுதல், பெற்றோரைத் தேடிச் செல்லுதல், சமூகத்தின் பெரியவர்களோடு உறவு வைத்தல், தண்டனைப் பட்டியலில் எந்த நிறத்துப் பிள்ளை அதிகம் என்று கூசாமல் பார்த்தல் என்று அதன் அம்சங்களை ஒரு பேராசிரியர் எனக்கு விளக்கினார். கேட்டுக்கொண்டே இருந்தேன், அவற்றுள் பாதிக்குமேல் யான்ஸிவில் டில்லர்ட்டின் தினசரி வேலை. ஒரு தலைமுறையைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, அது கையோடு கொண்டுபோன வித்தையை அடுத்த தலைமுறை கட்டணம் கட்டிக் கற்கிறது.

2014 முதல் அமெரிக்கப் பொதுப் பள்ளி மாணவர்களில் வெள்ளையர் பாதிக்கும் குறைவு. 2020–21 கணக்கின்படி அப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களிலோ நூற்றுக்கு 77 பேர் வெள்ளையர். கறுப்பினத்தார் 10 பேர். மன்றோவில் தொடங்கிய காரியத்தின் பாதி இன்னும் செய்யப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

டில்லர்ட்டின் பள்ளியைப் பற்றி வானெஸ்ஸா ஸிடில் வாக்கர் 1996-இல் 'தேர் ஹையஸ்ட் பொடென்ஷியல்' என்ற நூலை எழுதியிருக்கிறார். பள்ளியை நடத்தும் பொறுப்பில் இருக்கும் எவரும், எந்த நாட்டவராயினும், படிக்க வேண்டிய புத்தகம் அது. இரு மொழியும் நன்கறிந்த ஆசிரியர் யாரேனும் அதைத் தமிழில் தருவாராயின் நம் தலைமையாசிரியர்களுக்குப் பேருதவியாகும்.